சாவு பயம் வந்தப்போ அந்தப் பையன் என்ன செஞ்சான்?

பேத்துப்பாறையில போன் சிக்னல் போனா, கொஞ்ச நேரத்துல உங்களோட நீங்க மட்டும்தான். அந்த ‘நான்’ யாருன்னு தேடினவர் ரமணர்.

1879-ல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், இந்த மலைக்குக் கீழே திண்டுக்கல்லிலும் கொஞ்ச காலம் படிச்சவர். 1896, மதுரை. 16 வயசு. உடம்புக்கு ஒண்ணுமில்லை, திடீர்னு சாவு பயம். டாக்டரைத் தேடலை. பிணம் மாதிரி படுத்து, உடம்பு போனா மிச்சம் யாருன்னு கவனிச்சார். பயம் போயிடுச்சு. சுமார் ஆறு வாரத்தில் திருவண்ணாமலை. 1950-ல் மறையும்வரை அங்கேயேதான்.

நாம சும்மா இருந்தாலும், நம்மைப் பத்தியே அசைபோடுற நெட்வொர்க் ஒண்ணு மூளையில் ஓடிக்கிட்டே இருக்கும்னு ஸ்கேன்கள் காட்டுது. தியானத்தில் பழகினவங்களுக்கு அது அடங்குதுன்னு 2011-ல் ஒரு ஆய்வு வந்துச்சு.

அடுத்த முறை பயம் வந்தா, போனை எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க: பயப்படுறது யாரு?