பிரான்சிஸ் டே: மீன் பைத்தியம் பிடித்த டாக்டர்

காஞ்சிபுரத்துல எங்க தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகும் ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். எங்க வீட்டு ஆப்பிரிக்க சிச்லிட் தொட்டியோட ஃபில்டர்! மீன் வளர்க்கிற நாம எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒருத்தர், பிரான்சிஸ் டே.

1829இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1852இல் சென்னை மாகாணத்துக்கு டாக்டராக வந்தார். தொழில் வைத்தியம்; மனசு முழுக்க மீன்தான். இன்னைக்குக் கடைகளில் நாம விலை கேட்டு மலைக்கிற 'மிஸ் கேரளா' மீனை 1865இல் அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் இவரே. அப்போதைய சென்னை கவர்னர் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார்.

ட்ரவுட் மீனை நீலகிரியில் வளர்க்கவும் முயன்றார், பலிக்கவில்லை. ஆனாலும் அவர் ஓயவில்லை. அணைக்கட்டுகள் மீன்களின் வழியை மறிக்கின்றன, சின்னக் கண்ணி வலைகள் குஞ்சுகளையும் அள்ளிவிடுகின்றன என்று 1873இல் அரசுக்கு அறிக்கை தந்தார். 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் பற்றிய அவரது பெரிய நூல் வெளிவந்தது. ஆப்பிரிக்க சிச்லிட்டுக்கு நம்ம ஊர்ச் சொந்தக்காரனான செல்லாக்காசு மீனும் அதில் உண்டு.

1889இல் டே காலமானார். மீன்வளச் சட்டம் வந்ததோ 1897இல். அதைப் பார்க்க அவர் இல்லை.

மீனைக் காப்பாத்தணும்னா முதல்ல தண்ணியைக் கவனிக்கணும். ஆற்றுக்கு அவர் சொன்னது தொட்டிக்கும்தான். அதனால நண்பர்களே, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணியில கழுவாதீங்க, நல்ல பாக்டீரியா செத்துடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணியிலேயே அலசுங்க.