தற்செயல் என்று ஒன்று உண்டா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) வாழ்வு தரும் விடை

மய்யித் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. அன்றைக்கு அந்த வண்டியில் ஏறாமல் இருந்திருந்தால், ஐந்து நிமிடம் தாமதித்துக் கிளம்பியிருந்தால், வேறு டாக்டரிடம் காட்டியிருந்தால் என்று வீட்டார் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பக்கத்தில் இருப்பவர், எல்லாம் விதி என்று ஒரே சொல்லில் முடித்துவைப்பார். நடந்தது தற்செயலா, விதியா, நம் கவனக்குறைவா என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

இந்தக் கேள்வியை ஆழமாக ஆராய்ந்த அறிஞர்களில் ஒருவர் ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் அபூஹாமித் முஹம்மத் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அவர்களின் வாழ்க்கையே எதிர்பாராத திருப்பங்களால் ஆனது. எனவே அவர்களின் விடையை அவர்களின் வாழ்க்கையோடு சேர்த்தே பார்ப்போம்.

ஹிஜ்ரி 450, அதாவது கி.பி. 1058-இல் குராஸான் பகுதியின் தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். இன்றைய ஈரானில் மஷ்ஹத் நகருக்கு அருகில் உள்ள ஊர் அது. தந்தை கம்பளி நூல் நூற்று விற்று வாழ்ந்த ஏழை என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். தாம் கற்க முடியாமல் போன கல்வியை மக்களாவது கற்க வேண்டும் என்று, முஹம்மத், அஹ்மத் ஆகிய இரு சிறுவர்களையும் தம்மிடமிருந்த சிறு தொகையையும் ஒரு சூஃபி நண்பரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் மறைந்தார். சில காலத்தில் பணம் தீர்ந்தது. நண்பரும் ஏழை. மத்ரஸாவில் சேர்ந்தால் சாப்பாடாவது கிடைக்கும் என்று அவர் வழிகாட்டினார். உம்மத்தின் பேரறிஞர் ஒருவர் மத்ரஸாவின் வாசலை மிதித்தது இப்படித்தான். கையில் பணம் இருந்திருந்தால்?

அடுத்த திருப்பம் வழிப்பறி. ஜுர்ஜானில் ஓதிவிட்டு ஊர் திரும்பும் வழியில் கொள்ளையர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். பாடக் குறிப்புகள் இருந்த பையை மட்டுமாவது தாருங்கள் என்று இளைஞர் கஸ்ஸாலி அவர்களின் பின்னாலேயே போய்க் கெஞ்சினார். பையை இழந்ததும் இல்லாமல் போகிற கல்வி என்ன கல்வி என்று தலைவன் சிரித்தான். பிறகு பையைத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கேலியை அல்லாஹ் தமக்காகப் பேசவைத்த வழிகாட்டலாகவே அவர் எடுத்துக்கொண்டார். ஊருக்கு வந்து மூன்று ஆண்டுகள் உழைத்து அத்தனை குறிப்புகளையும் மனனம் செய்தார்.

பின்பு நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் பாடம். 1085-இல் உஸ்தாத் மறைந்தபின், ஸல்ஜூக் அரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் சபைக்குச் சென்றார்கள். 1091-இல் பக்தாத் நிஜாமிய்யா கல்லூரியின் தலைமைப் பேராசிரியர் பதவி தேடி வந்தது. அப்போது வயது 33. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில் ஆசிரியர் எவருமின்றித் தத்துவ நூல்களைப் படித்து முடித்தார்கள். அந்த உழைப்பில் உருவானதே தத்துவவாதிகளின் முரண்பாடுகளை 20 தலைப்புகளில் ஆராயும் தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா.

தற்செயல் பற்றிய கேள்வி அந்நூலின் முதல் தலைப்பிலேயே வந்துவிடுகிறது. உலகம் ஒரு நேரத்தில் படைக்கப்பட்டது என்றால், எல்லா நேரமும் ஒன்றுபோல் இருக்க, ஏன் அந்த நேரத்தில்? காரணம் இல்லையென்றால் தற்செயல் என்றாகிவிடும். ஆகவே உலகம் ஆதியற்றது என்பது தத்துவவாதிகளின் வாதம். இமாமவர்கள் இரண்டு பேரீச்சம்பழங்களைக் காட்டிப் பதில் சொன்னார்கள். பசித்தவன் முன் எல்லா விதத்திலும் சமமான இரு பழங்கள் இருக்கின்றன. ஒன்றைத்தான் எடுக்க முடியும். வித்தியாசம் தெரியவில்லை என்று அவன் பார்த்துக்கொண்டே நிற்பானா? ஒன்றை எடுக்கத்தான் செய்வான். சமமான இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே நாட்டத்தின் வேலை. அங்கே காரணம் நமக்குத் தெரியாவிட்டாலும் நாடுபவன் இருக்கிறான். எனவே அது தற்செயல் ஆகாது. இரு சமமான வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே பட்டினி கிடந்த கழுதையின் கதை ஐரோப்பாவில் பேசப்பட்டது இதற்குப் பிந்திய காலத்தில்தான்.

பதினேழாம் தலைப்பில் நெருப்பும் பஞ்சும் வருகின்றன. நெருப்புப் பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். ஒன்றையடுத்து மற்றது நிகழ்வதைத்தான் கண்டோமே தவிர, நெருப்புத் தன் சக்தியால்தான் எரித்தது என்பதைக் கண்ணால் காணவில்லை. எரிப்பவன் அல்லாஹ்; நெருப்புக்குப் பின் எரிதல் வருவது அவனது வழமை. அப்படியானால் வீட்டில் வைத்துவிட்டு வந்த கிதாப் இந்நேரம் குதிரையாக மாறியிருக்கலாமே என்று எதிர்வாதம் வரும் என்பதையும் அவர்களே எழுப்பிக்கொண்டார்கள். அந்த வழமை நிலையானது என்ற உறுதியான அறிவையும் அல்லாஹ்வே நம்முள் படைத்திருக்கிறான் என்பது அதற்குப் பதில். ஆறு நூற்றாண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் இதே இடத்துக்கு வந்தார். ஆனால் அவர் கண்ட வழமை மனித மனத்தின் பழக்கம். இமாமவர்கள் கண்டதோ படைத்தவனின் வழமை.

அந்நூல் முடிந்த 1095-இலேயே பெரிய திருப்பம் நேர்ந்தது. தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, புகழுக்காகவா என்ற கேள்வி அவர்களை ஆறு மாதம் வாட்டியது. ஒருநாள் பாடம் நடத்த வாய் திறந்தால் நாவு எழவில்லை. தண்ணீர்கூட இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் இருக்கிறது, எங்கள் மருந்து பயன்படாது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். குடும்பத்துக்குத் தேவையானதை வைத்துவிட்டு மீதிச் செல்வத்தைத் தர்மம் செய்து, பதவியைத் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார்கள். டமாஸ்கஸ் பள்ளிவாசல் மினாராவில் தனிமை, பிறகு பைத்துல் முகத்தஸ், ஹஜ். பேசமுடியாமல் போன அந்த நாவுதான் இஹ்யா உலூமித்தீன் என்ற 40 பாகங்கள் கொண்ட பெருநூலுக்கு வழி திறந்தது.

இஹ்யாவில் ஓர் எறும்பைக் காண்கிறோம். காகிதத்தில் ஊரும் எறும்பு, பேனா முனை காகிதத்தைக் கருப்பாக்குவதைப் பார்த்து, எல்லாம் முனையின் வேலை என்று முடிவு செய்கிறது. கையும் எழுதுபவனும் அதன் பார்வைக்கு எட்டவில்லை. தற்செயல் என்று நாம் சொல்வதும் இப்படிப்பட்ட குறுகிய பார்வைதான்.

அல்லாஹ்வின் திருநாமங்களுக்கு எழுதிய விளக்கவுரையில் நீர்க் கடிகாரம் வருகிறது. பாத்திரத்தின் அடியில் அளவான ஒரு துளை. நீர் இறங்க, மிதவை தாழும்; மிதவை தாழ, நூல் இழுபடும்; நூல் இழுபட, குண்டு கிண்ணத்தில் விழுந்து ஓசை எழும். ஓசையை மட்டும் கேட்பவனுக்கு அது திடீர் நிகழ்வு. துளையை அளந்தவனுக்கு அது எப்போது விழும் என்பது முன்பே தெரியும். கழா, கத்ர் என்பதை இமாமவர்கள் இப்படி விளக்கினார்கள்.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. தவக்குல் பாகத்தில் காரணங்களை மூன்றாகப் பிரித்தார்கள்: உறுதியானவை, பெரும்பாலும் பலிப்பவை, வெறும் யூகமானவை. தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் உறுதியானவை. அவற்றை விடுவது தவக்குல் அல்ல, பைத்தியக்காரத்தனம். மருத்துவ சிகிச்சை பெரும்பாலும் பலிக்கும் வகை. அதைச் செய்வது தவக்குலுக்கு முரண் அல்ல. யூகமானவற்றில் மனதைத் தொங்கவிடுவதே தவக்குலைக் குலைப்பது.

1106-இல் ஆட்சியாளரின் அழைப்பை ஏற்று மீண்டும் நைஸாபூரில் பாடம் நடத்தினார்கள். பின்பு தூஸுக்கே திரும்பி, வீட்டருகில் மாணவர்களுக்கு மத்ரஸாவும் சூஃபிகளுக்குத் தங்குமிடமும் அமைத்தார்கள். 1111 டிசம்பரில் ஒரு திங்கள் அதிகாலை உளூச் செய்து தொழுது, கஃபன் துணியை வாங்கி முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி, கிப்லாவை முன்னோக்கிப் படுத்தார்கள். உயிர் பிரிந்தது என்று தம்பி அஹ்மத் வாயிலாக அறிவிக்கப்படுகிறது.

மய்யித் வீட்டில் நாம் கேட்ட கேள்விக்கு இந்த வாழ்வில் இரண்டு விடைகள் இருக்கின்றன. நடப்பதற்கு முன்: மருந்தையும் கவனத்தையும் விட்டுவிட விதியைச் சாக்காகச் சொல்லக் கூடாது. நடந்தபின்: இருந்திருந்தால் என்ற சொல் எறும்பின் சொல்; அதை வைத்து வீட்டார் தம்மையே வதைத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த இரண்டையும் இடம் மாற்றிச் சொல்வதால்தான் நம் ஆறுதல் வார்த்தைகள் பல நேரம் காயமாகிவிடுகின்றன.

அல்லாஹ் இமாமவர்களின் அந்தஸ்தை உயர்த்துவானாக. ஆமீன்.