அணித்தலைவர் சதாசிவம்

துடுப்பாட்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பாயிருக்கலாம். கீழைத்தேயக் கல்லூரியிலே நன்னூலும் காரிகையும் கற்பிப்போனுக்கு மட்டையும் பந்தும் எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆயின், பொத்துவிலிலே வாழ்பவன் இவ்விளையாட்டினின்றும் முற்றாக ஒதுங்கி வாழ்தல் இயலாத காரியம். அறுகம்குடாக் கரையிலே அலை ஒதுங்கிய ஈரமணலில் ஆடும் சிறுவர் முதல், அஸர் தொழுகை முடிந்து தேநீர்க்கடை வாங்கில் அமரும் முதியோர் வரை எல்லோரும் இதனையே பேசுவர். அண்மையிலே அப்பேச்சு ஒரு வழக்காக முற்றி நின்றது. வரும் ஆண்டிலே ஊர்க் கல்லூரி அணிக்கு யாரைத் தலைவனாக்குவது என்பதே அவ்வழக்கு.

ஒரு மாணவன் மட்டை பிடித்தால் பார்ப்போர் கண் இமையார். ஆனால் பயிற்சிக்கு நேரத்துக்கு வாரான். மற்றவன் எல்லோர்க்கும் முன்னே வந்து வலை கட்டுவான், எல்லோரும் போனபின்னே வீடு செல்வான். ஆனால் ஓட்டங்கள் நடுத்தரம். ஆசிரியர், மீன் வியாபாரி, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆகிய யாவரும் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். இருவரின் எதிர்காலத்தையும் சோதிடர்போல எடுத்துரைத்தனர். குறள் படிப்பிப்பவன் என்பதனால் தீர்ப்பு என்னிடம் வந்தது. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்துக் குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். நிறுப்பது எளிதன்று என்பதற்கு அதனினும் கிட்டிய சான்று ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. அது மகாதேவன் சதாசிவம் என்பாரின் வரலாறு. இந்நாட்டு இளைஞர் அவர் பெயரைக்கூடக் கேட்டிலர் என்று அன்றுதான் அறிந்தேன். ஆதலின் இதனை எழுதலானேன்.

சதாசிவம் 1915 ஆம் ஆண்டு ஒக்டோபர் 18 ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். வெஸ்லிக் கல்லூரியிலே கற்று, அங்கேயே ஆட்டத்திலும் பெயர் பெற்றார். பின்னர் தமிழ் யூனியன் கழகத்தைச் சேர்ந்தார். அக்காலத்துக் கொழும்பிலே துடுப்பாட்டக் கழகங்கள் பெரும்பாலும் இனத்தின் பெயராலேயே இயங்கின. சிங்களவர்க்கு ஒன்று, தமிழர்க்கு ஒன்று, சோனகர்க்கு ஒன்று, மலாயர்க்கு ஒன்று, பறங்கியர்க்கு ஒன்று என இருந்தன. 1899 இல் தோன்றிய தமிழ் யூனியன், பாக்கியசோதி சரவணமுத்து போன்றோரின் முயற்சியால் ஓவல் என்னும் மைதானத்தை அமைத்துக்கொண்டது. அம்மைதானத்திலேதான் 1945 இல் இந்திய அணிக்கு எதிராகச் சதாசிவம் 111 ஓட்டங்கள் எடுத்தார்.

அவர் ஆட்டத்தை யான் கண்டவனல்லன். அவர் மறைந்தபோது யான் சிறு பிள்ளை. ஆயினும் எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் இளமையிலே கொழும்பில் வாழ்ந்தவர். ஓவலின் கயிற்றோரத்திலே புல்லில் அமர்ந்து அவ்வாட்டத்தைக் கண்டவர். புணர்ச்சி விதிகளை நடத்திக்கொண்டிருக்கும்போதே சிலவேளை சதாசிவத்தின் கதைக்குத் தாவிவிடுவார். பந்து இலக்கைத் தாண்டிவிட்டது, காப்பாளர் கைக்குள் போய்விட்டது என்று எல்லோரும் எண்ணும் கணத்திலே மட்டை மெல்லத் தாழ்ந்து பந்தின் முதுகைத் தடவும்; பந்து பின்புறமாகப் புல்லின்மேல் வழுக்கி எல்லைக்கு ஓடும். அந்த இடத்தை அடைக்க எதிரணித் தலைவர் ஓர் ஆளை நகர்த்தினால், அவர் விட்டுவந்த இடத்துக்கே அடுத்த பந்து போகும். பலத்தால் அடித்தவர் பலர் உளர், இவர் பந்தை இணக்கி அனுப்பினார் என்பது ஆசிரியரின் முடிவு. தாமதித்து வெட்டும் அந்த அடி இன்றும் சதாசிவத்தின் பெயரோடு சேர்த்தே பேசப்படுகின்றது.

1947 இல் சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய முதற்றர ஆட்டங்களில் அதுவே உச்சம். கடல் கடந்து சென்று, பழக்கமில்லாத ஆடுகளத்திலே, அவ்வூர்ப் பந்துவீச்சாளரை எதிர்த்து இலங்கையர் ஒருவர் இருநூறு கடந்தது சிறு செய்தியன்று.

இனி, நாணயத்தின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. சதாசிவம் இன்பங்களை நாடியவர். இரவுகளை நடன மண்டபங்களிலும் நண்பர் கூட்டத்திலும் கழித்தவர். விடியும்வரை விழித்திருந்துவிட்டு, நேரே மைதானத்துக்கு வந்து, பகல் உணவுக்கு முன் நூறு அடித்துவிடுவார் என்று கதைகள் பல உண்டு. அவற்றுள் எத்தனை மெய், எத்தனை அன்பர்களின் கற்பனை என்று பிரிக்கப் புகுந்தால் ஏடு கொள்ளாது. ஒழுங்கினை மதித்து நடக்கும் இயல்பு அவரிடத்து இருக்கவில்லை என்பதை அவரை நேசித்தோரும் மறுத்திலர்.

1948 இலே கேள்வி பிறந்தது. நாடு விடுதலை பெற்று இரண்டு திங்கள் நிறையவில்லை. டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் செல்லும் வழியிலே கொழும்பில் ஒரு நாள் ஆட இசைந்தது. புதிய நாட்டின் அணியை அவர் எதிரே நடத்திச் செல்பவர் யார்? ஒரு பக்கம் சதாசிவம். மறுபக்கம் டெரிக் டி சேரம். இவர் ஒக்ஸ்போட்டிலே கற்றவர், 1934 இல் அப்பல்கலைக்கழகத்துக்காக ஆடி அவுஸ்திரேலியருக்கு எதிராகவே 128 ஓட்டங்கள் எடுத்தவர், சட்டம் பயின்றவர், ஒழுங்குக்குப் பேர்போனவர். எங்கள் தேநீர்க்கடை வழக்குக்கும் இதற்கும் அளவிலேதான் வேறுபாடு. விளையாட்டின் அழகைக் கண்டோர் சதாசிவத்தை நாடினர். தலைமைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றோர் டி சேரத்தை நாடினர். கழகங்கள் இனவாரியாக இருந்த காலத்திலே, தமிழர் என்பதற்காகவே ஒருவரைத் தாங்கியவரும், தமிழர் என்பதற்காகவே வேண்டாம் என்றவரும் இருந்திருப்பர். இருசாராரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை என்பது என் துணிபு.

சதாசிவமே தலைவரானார். என்னைக் கேட்டால் அத்தெரிவு சரியானதே. தானே நேரத்துக்கு வாராத தலைவன் பிறரை எவ்வாறு வரச் சொல்வான் என்ற வாதம் வலியதுதான். எனினும் உலகம் அஞ்சும் அணியின் முன்னே இறங்கும் பத்துப் பேருக்கு, தம் முன்னே நடப்பவன் எவர்க்கும் அஞ்சான் என்ற உறுதி வேண்டும். அதனைப் பயிற்சிக் குறிப்பேடு தராது.

1948 மார்ச்சிலே ஓவலில் ஆட்டம் நடந்தது. அவுஸ்திரேலியர் எட்டு இலக்குகளுக்கு 184 ஓட்டங்கள் எடுத்து நிறுத்திக்கொண்டனர். பிரட்மன் 20 ஓட்டங்களோடு வெளியேறினார். இலங்கை இரண்டு இலக்குகளை இழந்து 46 எடுத்திருந்தபோது மழை குறுக்கிட்டது. வேடிக்கை ஒன்றும் நிகழ்ந்தது. ஐயுற்ற பிரட்மன் ஆடுகளத்தை அளக்கச் செய்தபோது, 22 கஜம் இருக்க வேண்டிய நீளம் 20 கஜமே இருந்ததாம். தலைவரைத் தெரிவதிலே அத்தனை கருத்துச் செலுத்திய ஊர், அளவுநாடாவை மறந்துபோயிற்று.

பின்னாளில் அணியின் தலைமை டி சேரத்திடம் சென்றது. சதாசிவத்தின் மட்டை அதற்காகச் சோர்ந்துவிடவில்லை. 1950 இல் பொதுநலவாய அணிக்கு எதிராக 96 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வணியிலே ஆடிய மேற்கிந்தியர் பிராங்க் வொறெல், உலக அணி ஒன்றைத் தாம் தெரிவதாயின் முதற்பெயராகச் சதாசிவத்தையே குறிப்பேன் என்ற கருத்துப்படக் கூறியதாகச் சொல்வர்.

அதற்கு அடுத்த ஆண்டு வந்ததை எழுதக் கை கூசுகின்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பேர்த்தியாரே சதாசிவத்தின் மனைவியார். இல்லறம் முறிந்து மணநீக்க வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1951 ஒக்டோபர் 9 ஆம் நாள் அவ்வம்மையார் பம்பலப்பிட்டியிலுள்ள தம் வீட்டிலே கொலையுண்டு கிடந்தார். சதாசிவம் சிறைப்பட்டார். வீட்டு வேலையாள் ஒருவன் மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியானான்.

ஓவலிலே கை தட்டிய அதே ஊர் இப்பொழுது தெருத்தெருவாகத் தீர்ப்புச் சொல்லிற்று. இரவிலே ஆடியவன், குடித்தவன், மனைவியை நோகச் செய்தவன். ஆகையாலே கொன்றவனும் இவனே என்பதாக அந்த வாதம் ஓடிற்று. சிலப்பதிகாரம் கற்றோர்க்கு இவ்வாதத்தின் பிழை புலப்படாமற் போகாது. கோவலன் மனையாளைப் பிரிந்தான், பொருளைத் தொலைத்தான், இரண்டும் மெய். அவன் சிலம்பு திருடினான் என்பதற்கு அவை சான்றாகுமா? ஒரு குற்றம் உள்ளவனிடத்து மற்றொரு குற்றத்தை ஏற்றுவதற்கு ஆராய்ச்சி வேண்டும். மதுரையிலே அந்த ஆராய்ச்சி நடைபெறவில்லை. கொழும்பிலே நடைபெற்றது.

வழக்கு நீதியரசர் கிரேஷனின் முன்னிலையிலே ஐம்பது நாளுக்கு மேல் நடந்தது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். உயிர் பிரிந்த நேரம் எது என்பதே வழக்கின் உயிர்நாடி. சதாசிவம் அவ்வீட்டை விட்டுச் சென்றபின்னரே கொலை நிகழ்ந்தது என்பது எதிரித் தரப்பின் நிலை. எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ அறிஞர் சேர் சிட்னி சிமித் வரவழைக்கப்பட்டார். நம் நாட்டுப் பேராசிரியர் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரமும் மருத்துவச் சான்று கூறினார். 1953 ஜூன் 25 ஆம் நாள் யூரிமார் ஒருமனதாகக் குற்றவாளியல்லர் என்றனர். இருபது மாதச் சிறை முடிந்தது. இறந்த அம்மையாரின் கொலைக்கு எவரும் தண்டனை பெறவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒருவர் விடுதலையைப் போற்றும்போது மற்றவர் துயரம் மறைந்துபோவது வழக்கமாகிவிட்டது.

விடுதலை பெற்றவர் இந்நாட்டிலே நெடுங்காலம் தங்கவில்லை. கடல் கடந்து சென்று சிங்கப்பூர் அணிக்கும் மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைவராயிருந்தவர் என்ற அரிய பெயர் இவ்வாறு அவர்க்கு வாய்த்தது. ஒழுங்கற்றவர் தலைமைக்குத் தகார் என்று 1948 இல் சொன்னோர் இதற்கு என்ன விடை வைத்திருந்தனரோ அறியேன்.

டி சேரத்தின் கதை இன்னும் விந்தையானது. ஒழுங்கின் உருவம் என்று ஊர் போற்றிய அவர் இராணுவத் தொண்டர் படையிலே கேணல் பதவிவரை உயர்ந்தார். 1962 ஜனவரியில் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சூழ்ந்த அதிகாரிகளுள் ஒருவராக அவரும் சிறை புகுந்தார். 1965 இல் இலண்டன் கோமறைக் கழகம் அவ்வழக்கின் தீர்ப்பை நீக்கியபின் வெளிவந்து, தாம் கற்ற றோயல் கல்லூரி மாணவர்க்குத் துடுப்பாட்டம் பயிற்றினார். அவரிடம் கற்றோர் அவரை இன்றும் மதிப்போடு நினைக்கின்றனர். 1948 இலே ஓவலின் புல்லில் அமர்ந்து இவ்விருவரின் வருங்காலத்தையும் கணித்த அன்பர்களுள் ஒருவரேனும், இருவரும் சிறைக்கதவு காண்பர் என்று கணித்திருப்பாரோ? எங்கள் தேநீர்க்கடையார் இதைக் கேட்டுச் சற்றுநேரம் வாய் திறவாதிருந்தனர். பிறகு மீன் வியாபாரி, அப்படியானால் நாம் இந்த வருடத்து ஆட்டத்தை மட்டும் பார்த்துத் தலைவனைத் தெரிவோம் என்றார். தபாலதிபர் இணங்கவில்லை, வழக்கு மீண்டும் சூடு பிடித்தது.

சதாசிவம் நாடு திரும்பி, கொழும்பிலேயே 1977 ஜூலை 9 ஆம் நாள் காலமானார். அதே ஆண்டிலே ஓவல் மைதானத்துக்குச் சரவணமுத்துவின் பெயர் சூட்டப்பட்டது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981 இல். நாட்டின் முதல் டெஸ்ட் போட்டி 1982 பெப்ரவரி 17 ஆம் நாள், அவர் பிரட்மனை எதிர்கொண்ட அதே மைதானத்திலே, பந்துல வர்ணபுர தலைமையில் தொடங்கிற்று. சதாசிவத்தின் கணக்கிலே உள்ளவை முதற்றரப் போட்டிகள் 11, ஓட்டங்கள் 753, சதங்கள் 3.