நிலவில் உறங்கும் புவிச்சரிதவியலாளர்

ஜேர்மனியின் பவேரியா மாநிலத்திலே நேர்ட்லிங்கன் என்னும் பழைய நகரம் உண்டு. அங்குள்ள தேவாலயம் கட்டப்பட்ட கல்லை, எரிமலை கக்கிய கல்லென்றே அறிஞர் பலரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையைத் தகர்த்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் புவிச்சரிதவியலாளர் யூஜின் சூமேக்கர்.

1928 ஏப்ரல் 28இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்த இவர், அரிசோனாவிலுள்ள 1.2 கிலோமீற்றர் அகலமான பெரும்பள்ளத்தை ஆராய்ந்தார். நெவாடாப் பாலைநிலத்தில் அணுகுண்டுச் சோதனைகள் தோண்டிய குழிகளோடு அதனை ஒப்பிட்டு, இரண்டின் அமைப்பும் ஒத்திருக்கக் கண்டார். 1960இல் அப்பள்ளத்துக் கற்களில் எட்வர்ட் சாவோ கோசைற் என்னும் கனிமத்தை இனங்கண்டார். அவ்வாய்வில் சூமேக்கரும் இணைந்திருந்தார். 20,000 வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலான நெருக்குதலிலேயே கோசைற் பிறக்கும். நிலத்தின் மேற்பரப்பில் எந்த எரிமலையும் அவ்வழுத்தத்தைத் தரமாட்டாது.

பெரும் விண்கல் மோதுகையில் அதிர்வலை பாறையை நசுக்குகின்றது. அழுத்தம் விலகியதும் எஞ்சும் வெப்பம் கணப்பொழுதிற் பாறையை உருக்குகின்றது. உருகியது விரைந்து குளிர்ந்து கண்ணாடியாக உறைகின்றது. நேர்ட்லிங்கன் தேவாலயத்தின் சுவேவிற் கல்லில் இத்தகைய கண்ணாடித் துண்டுகளை இன்றும் நாம் காணலாம். சூமேக்கர் அதே ஆண்டில் அப்பகுதியிற் சேகரித்த கற்களிலும் கோசைற் வெளிப்பட்டது. ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த விண்கல்லே 24 கிலோமீற்றர் அகலமான அவ்வட்ட நிலத்தை உண்டாக்கியதென்பது உறுதியாயிற்று.

சந்திரனில் தாமே நின்று பாறைகளை ஆராய வேண்டுமென்பது அவரது இளமைக்கால வேட்கை. அடிசன் நோய் அவ்வாசலை அடைத்தது. நுழைவு மறுக்கப்படுவதன் வலியை நாம் அறிவோம். அவரோ துவண்டு ஒதுங்கவில்லை. தாம் செல்லவியலாத இடத்திற்குச் செல்வோரின் ஆசிரியரானார். அரிசோனாப் பள்ளத்திலேயே விண்வெளி வீரர்களுக்குக் கற்களை வாசிக்கக் கற்பித்தார். 1970இல் நேர்ட்லிங்கன் சுற்றாடலிலும் அப்பலோ வீரர்கள் பயிற்சி பெற்றனர்.

மனைவி கரோலினுடனும் டேவிட் லெவியுடனும் 1993இல் அவர் கண்டறிந்த வால்வெள்ளி, 1994 யூலையில் வியாழனில் மோதிச் சிதறியது. வாழ்நாளெல்லாம் அவர் கற்களிற் கண்ட தடயத்தின் நிகழ்வை உலகமே நேரிற் கண்டது.

1997 யூலை 18இல் அவுஸ்திரேலியாவில் விண்கற் பள்ளங்களை ஆராயச் சென்றவிடத்து, வீதி விபத்தில் அவர் உயிர் நீத்தார். அவரது சாம்பலின் ஒரு சிறு பங்கைச் சுமந்த விண்கலம் 1999 யூலை 31இல் நிலவின் தென்முனையருகே வீழ்த்தப்பட்டது. உயிரோடிருக்கையில் மறுக்கப்பட்ட பயணம், இறந்தபின் அவருக்கு வாய்த்தது.