தீவகம் தந்த சபாநாயகர்

பிறந்த ஊரிலே நின்று வாக்குக் கேட்பது எளிது என எண்ணுவார் உளர். உண்மை அதற்கு மாறானது. அயலூரார் ஒருவர் அபேட்சகராக வந்தால் மக்கள் அவர் பேச்சை மட்டுமே நிறுத்துப் பார்ப்பர். உள்ளூரார் வந்தாலோ, அவர் குடும்பத்து வேலி வழக்கும், கோயில் முறையும், பாட்டன் காலத்துப் பகையும் உடன்வந்து நிற்கும். அவ்வாறு எல்லாம் அறிந்த மக்களே தெரிந்தெடுத்து அனுப்பிய பெரியார் ஒருவர், யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் வாழ்ந்தார். அவரே வேலணை தந்த சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி.

அவர் 1874ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆம் நாள் பிறந்தார். பண்ணைத் தாம்போதி அமையாத காலம் அது. வேலணைச் சிறுவன் பட்டணத்துப் பள்ளியை அடைய வேண்டுமாயின் கடல் கடந்தே செல்லல் வேண்டும். துரைசுவாமி யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் கற்று அப்புக்காத்தாக விளங்கினார்.

1921இல் வடமாகாணத்தின் பிரதிநிதியாகச் சட்டநிரூபண சபை புகுந்தார். 1924இல் மீண்டும் தெரிவானார். அக்காலத்து வாக்குரிமை கல்வியும் சொத்தும் வருவாயும் படைத்தார்க்கே உரியது; நாட்டு மக்களுள் நூற்றுக்கு நால்வரளவிலேயே வாக்காளர் இருந்தனர். நெடுந்தீவில் வலை இழுத்தவர்க்கும், புங்குடுதீவில் ஓலை பின்னிய பெண்டிர்க்கும் அதிற் பங்கில்லை.

டொனமூர் அரசியற்றிட்டம் 1931இல் அந்நிலையை மாற்றியது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆயின் அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்பது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முறைப்பாடு. ஆதலின் அவர்கள் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு வேண்டினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் நியமனப் பத்திரம் கொடுப்பார் ஒருவருமிலர். பத்தாண்டு சட்டசபை கண்ட துரைசுவாமியும் அன்று ஒதுங்கியே நின்றார். தெற்கிலிருந்து எதிர்பார்த்த துணை வரவில்லை. எல்லார்க்கும் கிடைத்த முதல் வாக்கை அத்தொகுதி மக்கள் அளிக்க இயலாது போயிற்று. மூன்றாண்டு கழித்து, 1934இலேயே அங்கே இடைத்தேர்தல் நிகழ்ந்தது.

1936ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் ஊர்காவற்றுறைத் தொகுதி துரைசுவாமியைத் தெரிந்து அரசாங்க சபைக்கு அனுப்பியது. மார்ச்சு மாதத்திலே சபை கூடியபோது அவரையே சபாநாயகராக்கியது. சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையராக இருந்த சபை தமிழர் ஒருவரைத் தலைமைப் பீடத்தில் இருத்தியமை பெருமைக்குரியதே. எனினும் அதே சபையில் அவ்வாண்டு அமைந்த மந்திரிசபையில் தமிழர் ஒருவர்க்கேனும் இடம் இல்லை. ஒரு கையால் மாலை சூட்டி, மறு கையால் கதவடைத்த செயல் அது.

இங்கேதான் அவர் வாழ்வின் அருமை விளங்குகின்றது. சபாநாயகர் கட்சி பேசலாகாது. விவாதத்தில் ஒரு பக்கம் சாய்தலும் ஆகாது. தம் ஊருக்காகப் பேசவென்று அனுப்பப்பட்டவர், ஊருக்காகவும் வாதாட இயலாத ஆசனத்தில் அமர்ந்தார். போரின் காரணமாகச் சபையின் ஆயுள் நீட்டப்பட்டதால் இந்நிலை 1947 வரை நீடித்தது. சமபல பிரதிநிதித்துவம் வேண்டி ஜீ. ஜீ. பொன்னம்பலம் முழங்கியதும் அக்காலத்திலேயே. 1944இல் சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவர, தமிழையும் சேர்க்குமாறு வி. நல்லையா திருத்தம் கொணர்ந்ததும், சபை அதனை ஏற்றதும் அக்காலத்திலேயே. தம் இனத்தின் எதிர்காலம் கண்முன்னே வாதிக்கப்பட்டபோதும் சபாநாயகராகிய அவர்க்கு வாதாடும் உரிமை இல்லை.

இதனால் தீவகம் என்ன பயன் கண்டது என்று வினவுதல் நியாயமே. தண்ணீருக்கும் பாதைக்கும் படகுக்கும் குரல் வேண்டிய மக்கள், தம் பிரதிநிதியின் குரலை நாட்டுக்குக் கொடையாக அளித்தனர். அது சிறிய இழப்பன்று. ஆயினும், எண்ணிக்கையிற் குறைந்த இனத்தார் ஒருவரின் நடுவுநிலையை நம்பி, பெரும்பான்மையர் பதினோராண்டு அவர் தீர்ப்புக்கு அமைந்திருந்தனர் என்பது இந்நாட்டு வரலாற்றில் எளிதிற் காணக்கூடியதன்று. அந்நம்பிக்கை பிற்காலத்தில் நிலைத்திருக்குமாயின் பல துயரங்கள் நேர்ந்திரா.

1947இல் பாராளுமன்றம் தோன்றியபோது ஊர்காவற்றுறை அல்பிரட் தம்பிஐயாவைத் தெரிவுசெய்தது. துரைசுவாமி 1966 ஏப்பிரில் 12ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் அகவையில் இறைவனடி சேர்ந்தார். வேலணை மத்திய மகா வித்தியாலயம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. தேர்தற் காலம் வருந்தோறும் நம் தீவுகளில் அபேட்சகர் பலர் எழுவர். ஊருக்கு என்ன பெற்றுத் தருவீர் என அவர்களை வினவுவோம், வினவவும் வேண்டும். அவ்வினாவோடு, ஊரார் அல்லாதாரும் உம் நீதியை நம்புவரோ என்னும் வினாவையும் சேர்த்தல் நன்று. துரைசுவாமியின் வாழ்வு நம் வாக்காளர்க்குத் தந்து சென்ற அளவுகோல் அதுவே.