இந்தியத் தடுப்பும் சுல்தான் கானும்

சதுரங்கம் பயில்வோர் ‘இந்தியத் தடுப்பு’ என்னும் தொடக்கமுறையை நன்கறிவர். வெள்ளை அரசியின் முன்னுள்ள காலாள் முன்னேறுமிடத்து, கறுப்பர் தம் காலாளை அதற்கு எதிரே நிறுத்தாது குதிரையை வெளிக்கொணர்வதே அம்முறை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிற் கல்கத்தாச் சதுரங்கக் கழகத்தில் மகேஷ் சந்திர பானர்ஜி என்பார் ஜோன் கொக்ரேனுடன் ஆடிய ஆட்டங்களே அப்பெயருக்கு அடிப்படையாயின. ஆயின், அத்தடுப்பை வென்று அழியாப் புகழெய்தியவரும் ஓர் இந்தியரே என்பது வியப்பிற்குரியது.

அவர் மீர் சுல்தான் கான். பஞ்சாப்பின் சர்கோதாப் பகுதியிற் பிறந்த அவர், தந்தையாரிடமே ஆட்டத்தைக் கற்றார். அவர் கற்றது நாட்டு முறைச் சதுரங்கம். அதிற் காலாள் தொடக்கத்திலும் ஒரு கட்டமே நகரும். பெருநிலக்கிழாரான சேர் உமர் ஹயாத் கான் அவரை ஆதரித்து மேனாட்டு முறையைப் பயில்வித்தார். 1928இல் அகில இந்திய வீரரான சுல்தான் கான், 1929இல் அவருடன் இலண்டன் சென்றார். மேனாட்டுத் தொடக்கமுறைகளிற் போதிய பயிற்சியில்லாதிருந்தும், அவ்வாண்டே பிரித்தானிய வீரர் பட்டத்தை வென்றார். 1932இலும் 1933இலும் அப்பட்டம் மீண்டும் அவருக்கே கிடைத்தது.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலக வீரர் கப்பாபிளாங்கா அவருக்கு எதிராக ‘அரசியிந்தியத் தடுப்பை’ மேற்கொண்டார். சுல்தான் கான் ஐந்தாம் நகர்த்தலில் அரசிப் பக்கத்து ஓரக் காலாளை ஒரேயொரு கட்டம் நகர்த்தினார். கறுப்பு மந்திரி வந்து தம் குதிரையைக் கட்டிவிடாதவாறு இட்ட சிறு வேலி அது. பின்னாளிற் பெத்ரோசியன் இத்தடுப்பிற்கு எதிராக அதே காலாள் நகர்த்தலைப் பெரும் படைக்கலமாக்கினார். அவசரமின்றி எதிரியை நெருக்கிய சுல்தான் கான் 65 நகர்த்தல்களில் வென்றார். அப்போட்டியிற் கப்பாபிளாங்கா கண்ட தோல்வி அஃதொன்றே.

ஆயினும், பிறர் ஆதரவில் தங்கிய ஆற்றலுக்கு நாள் குறுகியது. 1933ஆம் ஆண்டிறுதியில் சேர் உமர் தாயகம் திரும்பவே, சுல்தான் கானும் உடன் திரும்பினார். உலகின் முதல்வரிசை ஆட்டக்காரரோடு சமமாக நின்றவர் அதன்பின் ஐரோப்பிய அரங்கிற் காணப்படவேயில்லை. சர்கோதாப் பகுதியில் நிலத்தையும் குடும்பத்தையும் பேணி வாழ்ந்து, 1966இற் காலமானார்.

உலகச் சதுரங்கச் சம்மேளனம் 2024இல் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. ஐந்தாண்டுக்கும் குறைந்த ஆட்டவாழ்வில் அவர் ஈட்டிய பட்டம், அவர் மறைந்து 58 ஆண்டுகளின் பின்னரே வந்து சேர்ந்தது.