உடலை எண்ணால் அளந்த அடால்ப் கெட்லே

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மூட்டை சுமக்கும் தொழிலாளி ஒருவரையும், நாள் முழுதும் தையல் எந்திரத்தின்முன் அமர்ந்திருக்கும் ஒருவரையும் எண்ணிப் பாருங்கள். இருவரின் உயரமும் 1.6 மீட்டர், எடை 64 கிலோ. ஒருவர் உடலில் தசை மிகுதி. மற்றவர் உடலில் கொழுப்பு மிகுதி. எடைக்கருவி அவ்வேறுபாட்டைக் காட்டாது. இவ்விருவருக்கும் ஒரே எண்ணைத் தரும் கணக்கின் மூலவர் அடால்ப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர், வானியலறிஞர்.

இன்றைய பெல்ஜிய நாட்டின் கென்ட் நகரில் 1796ஆம் ஆண்டு கெட்லே பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். கணிதம் பயின்று 1819இல் முனைவர் பட்டம் பெற்றார். வானியல் கற்கப் பாரிசு சென்றவர், அங்கு நிகழ்தகவுக் கணிதத்தையும் கற்றார். பின்னர் பிரசெல்சில் வானாய்வகம் அமைய வழிவகுத்தார்.

ஒரே விண்மீனைப் பலமுறை அளந்தால் விடைகள் சற்றே மாறுபடும். ஆயினும் அவை ஒரு நடு அளவைச் சூழ்ந்தே நிற்கும். மனிதரின் உடலளவுகளும் அவ்வாறே அமைவதைக் கெட்லே கண்டார். ‘சராசரி மனிதன்’ என்னும் கருத்தை 1835இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார்.

மரக்கட்டை ஒன்றின் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருமடங்கானால் அதன் எடை எட்டு மடங்காகும். மனித உடல் அவ்வாறு பெருப்பதில்லை. உயரமானவர் அதே விகிதத்தில் அகன்றுவிடுவதில்லை அல்லவா? வளர்ந்தோரின் எடை, ஏறத்தாழ உயரத்தின் இருமடிக்கு ஏற்பவே கூடுகிறது என்று கெட்லே கணித்தார். எனவே 64ஐ 2.56ஆல் வகுத்தால் 25 கிடைக்கும்.

மக்கள் கூட்டத்தை அறியவே அவர் இக்கணக்கைச் செய்தார். தனி ஒருவரைப் பருமனானவர் என்று முத்திரையிட அன்று. 1855இல் பக்கவாதம் தாக்கி அவரது நினைவாற்றல் குன்றியது. அதன் பின்னரும் உடலளவுகள் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். 1874இல் மறைந்தார்.

1972இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் இவ்வெண்ணுக்கு உடல் நிறை குறியீட்டெண் எனப் பெயரிட்டார். உலக அளவில் 25 எச்சரிக்கை எல்லையாக உள்ளது. இந்தியர் உடலில் அதே எடைக்குக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால், இங்கு மருத்துவர்கள் 23ஐயே எல்லையாகக் கொள்கின்றனர். வளரும் சிறுவர்க்கு இவ்வெல்லைகள் பொருந்தா; வயதுக்கேற்ற அட்டவணை தனியே உண்டு.

கொழுப்பைத் தனியே அறிய வேறு முறைகள் உள்ளன. மேற்கையின் பின்புறத் தோல்மடிப்பை இடுக்கியால் அளப்பர். நீரில் அமிழ்த்தியும் எடை காண்பர். கொழுப்பு நீரைவிட இலேசானது, தசையோ கனமானது. மூட்டை சுமப்பவர் நீருக்குள் கூடுதல் எடை காட்டுவார். தையற்காரர் குறைவாகக் காட்டுவார்.